தாய்வீட்டுக்கு மகன் பெயர்

கிளிமானூர் அரண்மனைக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு பெயரைத் தேடித்தான் போகிறார்கள். ராஜா ரவிவர்மா 1848இல் அங்கே பிறந்தார். 1906இல் அங்கேயே இறந்தார். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, ஓவியத்தைச் சாமானியர் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தவர். எங்கள் செம்பாக்கத்துப் பூஜை அறைகளில் இன்றும் லட்சுமியும் சரஸ்வதியும் அவர் தந்த சாயலில்தான் இருக்கிறார்கள். அந்தப் பெருமையோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கு அந்த வீட்டை அவர் வீடு என்று மட்டும் சொல்வதோடு.

கிளிமானூர் மருமக்கத்தாயக் குடும்பம். அங்கே உரிமை அன்று தாய்வழியில் இறங்கியது. அது ரவிவர்மாவின் வீடானதே, தாயின் வீடு என்பதால்தான். அந்தத் தாய் உமா அம்பாபாய் ஒரு கவிஞர்; 'பார்வதி சுயம்வரம்' எழுதியவர். தங்கை மங்களாபாய் ஓவியர். அண்ணனின் உருவத்தையே வரைந்தவர். இந்த இரண்டு பெயர்களையும் நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

"திறமை இருந்தால் தானாக வெளியே வந்திருக்கும்" என்பார்கள். ரவிவர்மாவின் திறமை தானாகவா வந்தது? தாய்மாமன் கற்றுக்கொடுத்தார், திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப்போனார். மன்னர் ஆதரித்தார். தம்பி ராஜராஜவர்மா ஊர் ஊராகக் கூடவே போனார், சேர்ந்து வரைந்தார், நாட்குறிப்பு எழுதினார். பரோடாவும் மைசூரும் படங்கள் கேட்டு வாங்கின. மேதை என்று நாம் கும்பிடுவது இத்தனை பேரின் உழைப்பையும்தான். அதே வீட்டில், அதே ரத்தத்தில், தூரிகை பிடித்த தங்கைக்கு இவற்றில் எது கிடைத்தது?

தாய்வழிச் சமூகம் என்றதும் பெண்ணாட்சி என்று மேடைகளில் பூரித்துப்போகிறோம். மருமக்கத்தாயத்தில் சொத்து பெண் வழியாக இறங்கியது. நிர்வாகம் காரணவர் என்ற ஆண் கையில் இருந்தது. இங்கே செம்பாக்கத்தில் வாசலில் 'அன்னை இல்லம்' என்று கல் பதித்திருப்பார்கள். பட்டா அப்பா பெயரில் இருக்கும். அங்கே உரிமை அவளுக்கு, பெயர் அவனுக்கு. இங்கே பெயர் அவளுக்கு, உரிமை அவனுக்கு. இரண்டு ஊரிலும் கணக்கு எழுதியது யார்?

மாணவிகளே, பெரிய மனிதர்களின் வீடுகளைப் பார்க்கப் போங்கள். போனால் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இந்த வீட்டில் வேறு யார் எழுதினார்கள், யார் வரைந்தார்கள், அவை இப்போது எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லை என்றால், அதுதான் உங்கள் ஆய்வுத் தலைப்பு.