எட்டாத் தூரமும் ஈயச் சன்னமும்

சன்னம் என்ற சொல்லைச் செய்திகளில் எழுதி எழுதியே கை சலித்தவன் இப்பத்தியாளன். எமது நாட்டில் அச்சொல் மனித உடலோடு சேர்த்தே எழுதப்பட்டது. எனவே, பெருவிலங்கு வேட்டைக்கு ஏற்ற சன்னம் ஈயமா செப்பா என்று அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வாதப்பிரதிவாதங்களைப் படிக்கத் தொடங்கியபோது, இது பொழுதுபோக்காளரின் சச்சரவு என்றே எண்ணத் தோன்றியது. படித்து முடித்தபோது அவ்வெண்ணம் மாறியது. தான் விடுத்த சன்னத்துக்குச் சுட்டவன் எதுவரை பொறுப்பாளி என்ற வினாவே அச்சச்சரவின் அடியில் கிடக்கிறது.

1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம், மனித உடலுட் புகுந்து எளிதில் விரியும் சன்னங்களைப் போரிற் பயன்படுத்துவதைத் தடை செய்தது. கல்கத்தாவை அடுத்துள்ள டம்டம் படைக்கலத் தொழிற்சாலையின் பெயரால் அறியப்பட்ட சன்னங்களே அத்தடைக்கு வழிகோலின. வேட்டையிலோ நியதி தலைகீழானது. எல்க் எனப்படும் பெருமானை விரியாத சன்னத்தால் சுட்டால் அது ஊசிபோல் துளைத்து வெளியேறிவிடும். காயம்பட்ட விலங்கு நெடுந்தூரம் ஓடி, மணிக்கணக்கில் வதைபட்டுச் சாகும். ஆகவேதான் அமெரிக்காவின் பல மாநிலங்களில் பெருவிலங்கு வேட்டைக்கு விரியும் சன்னமே சட்டத்தால் அனுமதிக்கப்படுகிறது. விரைவான மரணம் ஒன்றே வேட்டைக்காரன் விலங்குக்குக் காட்டக்கூடிய கருணை.

மென்மையான உலோகமாகிய ஈயம் இலகுவில் விரியும். செப்பு உறை போர்த்த ஈயச் சன்னம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேட்டையில் கோலோச்சியமைக்கு அதுவே காரணம். ஆனால் அது விரிவதோடு நிற்பதில்லை; சிதறுகிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஈயச் சன்னத்தால் சுடப்பட்ட 30 மான்களின் குடல் நீக்கிய உடல்கள் ஊடுகதிர்ப் படமெடுக்கப்பட்டன. எல்லாவற்றிலும் உலோகத் துணுக்குகள் காணப்பட்டன. சிலவற்றில் அவை நூற்றுக்கணக்கில் இருந்தன. வழமைபோல் இறைச்சி வெட்டுவோரிடம் கொடுத்து அரைத்துப் பொதிசெய்த பின்னரும், 234 பொதிகளில் 32 வீதமானவற்றில் துணுக்குகள் எஞ்சியிருந்தன. அப்பொதிகளை உண்பவர் யார்? வேட்டைக்காரனின் மனைவியும் மக்களும். அவன் தருமமாகக் கொடுத்தால், உணவு வங்கியின் வாசலில் நிற்கும் ஏழைகள்.

வட டகோட்டா மாநிலம் 2008இல் உணவு வங்கிகளுக்கு நன்கொடையாக வந்த அரைத்த மான் இறைச்சியை அகற்றும்படி அறிவுறுத்தியது. அங்கு 700க்கும் மேற்பட்டோரின் குருதி பரிசோதிக்கப்பட்டபோது, வேட்டை இறைச்சி உண்போரின் குருதியில் ஈயம் சற்றே கூடுதலாக இருந்தது. ஆயினும் எவரிடத்தும் அது அன்றைய எச்சரிக்கை அளவான டெசிலீற்றருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டவில்லை. "பார்த்தீர்களா, ஆபத்தே இல்லை" என்று ஈயத்துக்காக வாதாடுவோர் அதனைத் தூக்கிப் பிடித்தனர். பின்னர் நடந்ததை அவர்கள் சொல்வதில்லை. சிறுவர்களுக்கான உசாத்துணை அளவு 2012இல் 5 ஆகவும், 2021இல் 3.5 ஆகவும் இறக்கப்பட்டது. சிறுவர்களுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என ஒன்று கண்டறியப்படவில்லை என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் நிலைப்பாடு. அன்று சமாதானம் சொல்வதற்குப் பிடித்த கோலே அவர்களது கையைவிட்டு நழுவிவிட்டது.

பேசத் தெரியாத சாட்சி ஒன்றும் உண்டு. சிறகு விரித்தால் ஏறத்தாழ மூன்று மீற்றர் அகலமுள்ள கலிபோர்னியா கொண்டோர் கழுகு, 1982இல் உலகில் வெறும் 22 மட்டுமே எஞ்சியிருந்தது. 1987இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையும் பிடிக்கப்பட்டது. கூண்டில் இனம் பெருக்கி 1992 முதல் அவற்றை மீண்டும் பறக்கவிட்டனர். இன்று 500க்கு மேற்பட்டவை உள்ளன. ஆனால் வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடற்குவியலைத் தின்று அவை நஞ்சேறிச் சாகின்றன. காட்டில் அவற்றின் மரணத்துக்கு ஈயமே தலையாய காரணம். பறவையைப் பிடித்து, குருதியைச் சோதித்து, நஞ்சு நீக்கும் மருந்தேற்றி மீண்டும் வானில் விடுகிறார்கள். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரே ஒரு முட்டையிடும் இனத்தை இப்படி எத்தனை காலம் காப்பாற்றுவது?

கலிபோர்னியாவில் கொண்டோர் வாழும் பகுதிகளுக்கென 2007இல் ஆளுநர் ஆர்னோல்ட் சுவார்ஸ்நெகர் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். 2013இல் ஆளுநர் ஜெரி பிரவுண் ஒப்பமிட்ட சட்டம் 2019 யூலை 1 முதல் மாநிலம் முழுவதும் வேட்டையில் ஈயத்தை விலக்கியது. அரிசோனாவோ சட்டத்தை நாடாமல் 2005 முதல் ஈயமற்ற தோட்டாக்களை வேட்டைக்காரருக்கு இலவசமாக வழங்கி, பெரும்பாலானோரின் ஒத்துழைப்பைப் பெற்றது. டென்மார்க் 2024 ஏப்ரலில் வேட்டைத் துப்பாக்கிகளின் ஈயச் சன்னங்களையும் தடை செய்தது. "இது வேட்டையையே ஒழிக்கும் சதி" என்ற கூக்குரல் ஒவ்வொரு முறையும் எழுந்தது. கலிபோர்னியாவிலும் டென்மார்க்கிலும் வேட்டை இன்றும் நடைபெறுகிறது.

செப்பின் விலை அதிகம் என்பது உண்மை. ஆயினும், ஒரு பெருவிலங்கை வீழ்த்தத் தேவையானது ஒன்றிரண்டு தோட்டாக்கள். காட்டுக்குப் போய்வரும் எரிபொருட் செலவைவிட அவ்விலை வித்தியாசம் பெரிதென்று எவரும் எம்மை நம்பவைக்க முடியாது.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். செப்பை விற்பவர்களும் முழு உண்மையைச் சொல்வதில்லை. 1989இல் பார்ன்ஸ் நிறுவனம் முழுச்செப்பாலான எக்ஸ் சன்னத்தை விற்பனைக்கு விட்டது முதல், இவ்வகைச் சன்னங்கள் பெரிதும் திருந்திவிட்டன. மூக்கிலுள்ள குழி விலங்கின் உடலுள் திறந்து, இதழ்களாக விரிகிறது. சன்னம் சிதறாமல் தன் எடையின் பெரும்பகுதியைக் காத்துக்கொண்டு ஆழப் பாய்கிறது. ஆனால் செப்பு ஈயத்தைவிட இறுக்கமானது. விரிவதற்கு அதற்கு வேகம் வேண்டும். பல செப்புச் சன்னங்களுக்கு விலங்கைத் தொடும் கணத்தில் செக்கனுக்கு 1800 முதல் 2000 அடி வேகம் தேவை. நெடுந்தூரத்துக்கெனச் செய்யப்பட்டவை இதனிலும் குறைந்த வேகத்தில் விரியும். அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

கணக்கைப் பாருங்கள். .30-06 துப்பாக்கியிலிருந்து 168 கிரெயின் எடையுள்ள செப்புச் சன்னம் ஏறத்தாழ 2800 அடி வேகத்தில் புறப்படுகிறது. 400 யார் தூரத்தை எட்டுகையில் அதன் வேகம் 2000 அடி அளவுக்குத் தணிந்துவிடும். 500 யார் செல்ல அரைச் செக்கனுக்கும் கூடுதலாகும். அதற்குள் மான் ஓர் அடி எடுத்துவைத்தால் நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றில் பாயும். மணிக்கு 10 மைல் வேகக் குறுக்குக்காற்று அதே தூரத்தில் சன்னத்தை ஏறத்தாழ ஒன்றரை அடி ஒதுக்கிவிடும்.

நெடுந்தூரப் பிரியர்கள் இதைக் காட்டியே, "செப்பு தூரத்துக்கு உதவாது, ஈயத்துக்கே திரும்புவோம்" என்கிறார்கள். எமது வாதம் நேர்மாறானது. செப்பு உங்களை விலங்கை நோக்கி இன்னும் இருநூறு யார் நடக்கச் சொல்கிறதென்றால், அது நல்ல ஆலோசனை. தியோடோர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887இல் நிறுவிய பூன் அன்ட் குரொக்கெட் கழகம், எவ்வளவு தூரத்திலிருந்து சுட முடியும் என்று கருவியையும் திறமையையும் சோதிப்பதே நோக்கமாக இருப்பின் அது வேட்டையாகாது என்று கூறுகிறது. இவர்கள் வேட்டையின் பகைவர்களல்லர்; அதன் மூதாதையர்.

ஆகவே தெரிவு செய்வோர் செய்ய வேண்டியது இதுவே. செப்பின் அடர்த்தி குறைவு. அதே எடையில் அதன் சன்னம் நீளமாக இருக்கும். எனவே உங்கள் குழலின் சுரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்றை முடிக்கிறதென முதலில் அறியுங்கள். ஈயத்தில் பாவித்த எடையைவிட ஒரு படி குறைந்ததைத் தெரிந்தெடுங்கள், வேகமும் கூடும். தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச விரிவு வேகத்தை உங்கள் துப்பாக்கியில் அளந்த வேகத்தோடு ஒப்பிடுங்கள். அவ்வேகம் தீரும் தூரத்தைத் தாளில் எழுதித் துப்பாக்கியில் ஒட்டிவையுங்கள். குறியை அதே செப்புத் தோட்டாவால் சரிபாருங்கள். அந்தத் தூரத்துக்கு அப்பால் நிற்கும் விலங்கு உங்களுடையதன்று.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது எமது பழமொழி. இவ்விடயத்தில் மட்டும் அது பாதியளவே பொருந்தும். அம்பையும் நோக வேண்டும், எய்தவனையும் நோக வேண்டும். ஈயத்தைக் கைவிட்டு, எட்டாத் தூர ஆசையைக் கைவிடாதவன் கழுகைக் காப்பாற்றி மானை வதைக்கிறான். இரண்டையும் கைவிட மனமில்லாதவன் தன்னை வேட்டைக்காரன் என்று சொல்லிக்கொள்ள என்ன உரிமை இருக்கிறது?