பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளமா?

வளைகுடாவில் ஒருவருக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்பதற்கு முன்பே, அவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்கிறார்கள். ‘இந்தியர் மட்டும்’, ‘பிலிப்பினோ பெண்களுக்கு முன்னுரிமை’ என்ற வேலை விளம்பரங்கள் துபாயில் பல காலமாகப் பழகிப்போனவை. ஒரே வீட்டு வேலைக்கு, பாஸ்போர்ட்டைப் பொறுத்துச் சம்பளம் மாறுகிறது. இது அநீதி, ஒழிக்கப்பட வேண்டியது.

நாட்டின் பெயர் ஒரு மனிதரைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்குத் தமிழர்களே சாட்சி. ஷார்ஜாவில் ஒரே அறையில் கட்டில் போட்டிருக்கும் மூவரை எண்ணிப் பாருங்கள். கீழக்கரைக்காரர் இந்தியர். காத்தான்குடிக்காரர் வீட்டில் பேசுவதும் தமிழ்தான்; ஆனால் பிறப்புச் சான்றிதழில் அவர் இலங்கைச் சோனகர். ஆங்கிலப் படிவங்களில் அதுவே ‘மூர்’. மொராக்கோவிலும் ஸ்பெயினிலும் தாங்கள் போரிட்ட முஸ்லிம்களின் பெயரை, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இலங்கை முஸ்லிம்கள் மீது ஒட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாமவர் ஹட்டன் தேயிலைத் தோட்டத்துக்காரர். தாத்தா பாட்டி பிறந்ததே இலங்கையில் என்றாலும் அங்கே அவர் ‘இந்தியத் தமிழர்’. 1948 குடியுரிமைச் சட்டம் அவருடைய குடும்பத்தை நாடற்றதாக்கியது; 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அந்த மக்களைத் தலை எண்ணி இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. மூவரையும் சேர்த்து ‘மலபாரி’ என்று அழைப்பவர்களும் கடைத்தெருவில் உண்டு.

வளைகுடாவின் சொந்த மக்களும் இதில் தப்பவில்லை. குவைத்தில் ‘பிதூன்’ எனப்படும் நாடற்றோர் சுமார் ஒரு லட்சம் பேர், தலைமுறைகளாக அங்கேயே வாழ்கிறார்கள். அமீரகமோ தன் நாடற்றோருக்கு 2008 முதல் கொமொரோஸ் தீவுகளின் பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுத்தது. அந்தத் தீவில் காலே வைக்காதவர்கள் காகிதத்தில் கொமொரோஸ் நாட்டவரானார்கள். இப்படிக் கைக்கு வரும் ஒரு பெயரை வைத்தா உழைப்புக்கு விலை போடுவது?

மாற்ற முடியும் என்பதற்கும் வளைகுடாவிலேயே சான்று இருக்கிறது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டம், இனம், நிறம், தேசியப் பூர்விகம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. கத்தார் 2021 மார்ச் முதல், வீட்டுப் பணியாளர் உட்பட எல்லா நாட்டவருக்கும் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டமாக்கியது.

குற்றம் முதலாளிகள் மீது மட்டும் இல்லை. பிலிப்பைன்ஸ் தன் வீட்டுப் பணியாளர்களுக்கு 400 டாலருக்குக் குறையக் கூடாது என்று 2006-லேயே அறிவித்துவிட்டது. இந்தியாவோ 2020 செப்டம்பரில், அமீரகம் செல்லும் தன் தொழிலாளர்களின் குறைந்தபட்ச ஊதியத்தை 200 டாலராக வெட்டியது. கடும் எதிர்ப்புக்குப் பிறகே 2021 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றது. சொந்த அரசே மலிவு விலை எழுதி அனுப்பினால் முதலாளி ஏன் கூடுதலாகக் கொடுக்கப் போகிறார்? ஊதியத்தை உயர்த்தினால் வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சம் பொய்யல்ல. அதனால்தான் தனித்தனியாகப் பேரம் பேசக் கூடாது என்கிறோம்.

தொழிலாளர்களை அனுப்பும் ஆசிய நாடுகள் 2003-இல் உருவாக்கிய ‘கொழும்புச் செயல்முறை’ அமைப்பில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பிலிப்பைன்ஸ் எல்லாம் உறுப்பினர்கள். 2024 மே மாதம் அதன் தலைமைப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. ஒரே வேலைக்கு ஒரே அடிப்படை ஊதியம் என்ற கோரிக்கையை அந்த மேசையில் ஒன்றிய அரசு வைக்க வேண்டும். அதற்காக டெல்லியை நெருக்கும் பொறுப்பு, அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித் துறையே வைத்திருக்கும் தமிழ்நாடு அரசுக்கு உண்டு.