ஒப்பந்தத்துக்குப் பிணையா இந்தப் பிள்ளைகள்?

பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழகத்துக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை அந்த ஆண்டில் டெல்லி தரவே இல்லை. கல்வியாண்டு முடியும்வரை ஒரு தவணைகூட வரவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திட மறுத்ததற்கான தண்டனை இது. அந்தக் கொள்கையின் மும்மொழித் திட்டத்தைப் பற்றி இரு தரப்பும் போதுமான அளவு பேசிவிட்டன. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் படிப்பும் இதே நிதியைத்தான் நம்பியிருக்கிறது என்பதைத்தான் யாரும் உரக்கச் சொல்லவில்லை.

மீமிசலில் இருந்து பார்த்தால் இந்த முடிவின் கொடுமை தெளிவாகப் புரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து மீன்பிடி ஊர். மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டைக்குப் போக அறந்தாங்கியையும் தாண்ட வேண்டும். இங்கே பேச்சு வராத பிள்ளைக்கும், பெருமூளை வாதத்தால் பென்சில் பிடிக்க முடியாத பிள்ளைக்கும் எட்டுகிற தொலைவில் இருப்பது அரசுப் பள்ளியும், வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரும்தான். பள்ளிக்கு வரவே இயலாத பிள்ளைகளுக்கு வீடு தேடி வந்து கற்பிப்பவர்களும் அவர்களே. தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் அவர்களின் சம்பளம் இந்தத் திட்டத்திலிருந்துதான் வருகிறது.

தொழில்நுட்பம் வகுப்பறைக்கு வந்துவிட்டது, இனி என்ன கவலை என்பவர்கள் உண்டு. கருவிகள் இருப்பது உண்மைதான். பார்வையற்ற மாணவருக்குத் திரையைப் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம், தமிழும் படிக்கும். படத்தைத் தொட்டால் பேசும் அவாஸ் செயலி சென்னையிலேயே உருவானது. அதிலும் தமிழ் உண்டு. ஆனால், கைக்கணினியைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் பேசாத பிள்ளை பேசிவிடாது. மீமிசல் பிள்ளைக்கு வலை, நாட்டுப்படகு, நண்டு, அத்தை வீடு என்று அதன் உலகத்துப் படங்களை ஏற்றித் தர வேண்டும். குரலின் வேகத்தைக் குறைக்க வேண்டும். விரல் நடுங்கினால் கட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். தண்ணீர் வேண்டும் என்று அது முதன்முறை தானாகத் தொட்டுக் கேட்கும்வரை வாரக்கணக்கில் அருகில் உட்கார வேண்டும். இதையெல்லாம் செய்பவர் அந்தப் பயிற்றுநர். 2024 செப்டம்பரில் சம்பளம் தாமதமாகித் தவித்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து ஈடுகட்டியது.

அப்படி என்ன பெரிய தொகையா கேட்கிறார்கள்? திட்ட விதிப்படி ஒரு சிறப்புத் தேவைக் குழந்தைக்கு ஆண்டுக்கு ஒதுக்கீடு 3,500 ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், அதாவது 2,100 ரூபாய். சாதாரணக் கைக்கணினி ஒன்றை வாங்கக்கூட இது போதாது. இதைத்தான் நிறுத்தி வைத்தார்கள்.

இந்தப் பிள்ளைகளை மறப்பது டெல்லிக்குப் புதிதல்ல. 2016 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, உள்ளடங்கிய கல்வியை அரசின் கடமையாக்கிய நல்ல சட்டம். ஏழே மாதத்தில் ஜி.எஸ்.டி. வந்தது, சக்கர நாற்காலிக்கும் பிரெய்ல் தட்டச்சுப்பொறிக்கும் 5 சதவீத வரி போட்டார்கள். நடப்பதற்கும் எழுதுவதற்கும் வரியா என்று நாடெங்கும் குரல் எழுந்தது. 2020இல் ஊரடங்குக்கு நடுவே, அதே சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைத் தளர்த்தும் யோசனையை முன்வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்த பின்னரே கைவிட்டார்கள். எப்போதும் இதே கதைதான். முடிவெடுக்கும்போது இந்தக் குழந்தைகள் நினைவுக்கு வருவதில்லை. பெற்றோர் தெருவுக்கு வந்த பிறகே வருகிறார்கள்.

தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இலேயே வலியுறுத்தியது. 2025 மார்ச்சில், சிறப்பு ஆசிரியர் பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நீதிமன்றம் ஆளைப் போடு என்று சொன்ன அதே நாட்களில், இருக்கிற ஆளுக்கான பணத்தையே டெல்லி பிடித்து வைத்திருந்தது. இதைக் கொள்கை வேறுபாடு என்று எங்களால் ஏற்க முடியாது. வாக்குரிமையும் இல்லாத, பலருக்கு வாய்ச்சொல்லும் இல்லாத பிள்ளைகளை ஒப்பந்தத்துக்குப் பிணையாக வைத்த அநீதி இது.

இந்த நிதியைக் கேட்டு மாநிலம் உச்ச நீதிமன்றப் படியேறியது சரியே. ஆனால், வழக்கு தன் வேகத்தில்தான் நகரும். பேசக் கற்கும் வயது அதற்காகக் காத்திருக்காது. கொள்கைச் சண்டை எத்தனை ஆண்டு நீடித்தாலும், இந்தக் குழந்தைகளுக்கான பங்கையாவது நிபந்தனைகளிலிருந்து விலக்கி வைக்க ஏதாவது ஓர் ஏற்பாடு வேண்டும். நிறுத்தி வைத்தவர்களே அதை முதலில் செய்ய வேண்டும், நிலுவையோடு சேர்த்து.