நிற்பவர் கால்

சேர்வராயன் மலையில் செம்மநத்தம் பக்கத்துக் காப்பித் தோட்டங்களிலே பழம் பறிப்போரும், கீழே சேலம் பட்டணத்து ஜவுளிக் கடைகளிலே புடைவை விரித்துக் காட்டுவோரும் பகல் முழுதும் நின்றே பிழைக்கிறவர்கள். இத்தகையோரில் சிலருடைய முழங்காலுக்குக் கீழே நீலநிறமாய்ப் புடைத்து நெளிந்து கிடக்கும் குழாய்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்பர் ஜனங்கள். தலைவிதியென்று நோயாளியும் வாளாவிருந்துவிடுகிறார். அது நரம்புமன்று, விதியுமன்று.

காலுக்கு இறங்கிய இரத்தத்தை இருதயத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் குழாய்களுக்குச் சிரைகள் என்று பெயர். கெண்டைக்காற் சதை இறுகும்போது சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சதை தளரும்போது இரத்தம் கீழே வழியாதபடி, சிரைக்குள்ளிருக்கும் ஒருவழிக் கதவுகள் மூடிக்கொள்கின்றன. மலைப்பாதையில் ஏறும் பாரவண்டி பின்னுக்கு உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது போன்றது இது. இரத்தம் தேகத்தைச் சுற்றி வருகிறதென்று 1628-இல் நிலைநாட்டிய ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹார்வி, இக்கதவுகளையே முக்கிய சாட்சியாகக் காட்டினார்.

ஒருவர் அசையாது நின்றால் கணுக்காற் சிரையில் அழுத்தம் பாதரசக் கணக்கில் சுமார் 90 மில்லிமீட்டராகிறது. நடந்தால் சுமார் 30-க்கு இறங்குகிறது. அழுத்தம் ஓயாதிருந்தால் சிரை விரிகிறது. விரிந்தால் கதவுகள் பொருந்துவதில்லை. இரத்தம் கீழே தேங்குகிறது. குடும்ப வழி, பிள்ளைப்பேறு, வயது, உடற்பருமன் ஆகியனவும் இதற்குக் காரணங்களே. நிற்பது ஒன்றே குற்றவாளியென்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் தாய் தந்தையரை மாற்ற முடியாது. வயதைத் தடுக்க முடியாது. நிற்பதைக் குறைக்க முடியும். அதனாலேயே அதைப் பற்றிப் பேசுகிறோம்.

மலைச்சரிவில் செடிக்குச் செடி நகரும் தொழிலாளியின் சதையேனும் ஓரளவு வேலை செய்கிறது. கடைச் சிப்பந்தியோ ஓரிடத்திலேயே கட்டுண்டு நிற்கிறார். முதலில் கால் கனக்கும், மாலையில் வீங்கும், பின்னர் கணுக்காலருகே தோல் கறுக்கும், இறுதியில் எளிதில் ஆறாத புண் வரும். புண்ணாகும் முன் வைத்தியரைக் காணவேண்டும். அழுத்தக் காலுறையும், லேசர் முதலிய சிகிச்சைகளும் இன்று உண்டு. புடைத்த சிரை உடைந்து இரத்தம் பெருகினால், உடனே படுத்துக் காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடித்து, உதவி தேடவேண்டும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். கடைப் பெண்களுக்கு ஆசனம் வேண்டுமென்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1899-லேயே விதித்தது. நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்வோர் இடையில் உட்கார வசதி கேட்டது. கடைச் சிப்பந்திக்கு அந்த நியாயம் அப்போது எட்டவில்லை. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் விஜி என்னும் மாதின் தலைமையில் கிளர்ச்சி செய்தனர். 2018-இல் கேரளம் இணங்கியது. 2021-இல் நமது சட்டசபையும், 1947-ஆம் வருஷத்துக் கடைகள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்து, சிப்பந்திகள் அனைவருக்கும் தக்க இருக்கை வேண்டுமென்றது.

சட்டம் வந்தது நன்று. ஆனால் நாற்காலியைப் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தவரை எஜமானர் முறைத்துப் பார்த்தால் அந்த நாற்காலி யாருக்கு? சிப்பந்தி உட்கார்ந்தால் வாங்க வருவோருக்கு அவமரியாதை என்பர் சில வியாபாரிகள். வருபவரைக் கண்டதும் எழுந்து வரவேற்பது மரியாதை. எவரும் வராதபோதும் நின்றிருப்பது வெறும் தண்டனை. உட்கார்ந்தே கிடப்பதும் போதாது. அவ்வப்போது நாலடி நடக்கவும் விடவேண்டும். காப்பித் தோட்டத்துக்கு இந்தக் கடைச் சட்டம் எட்டாது. ஆயினும் நடுப்பகலில் காலை உயர்த்தி ஓய்வெடுக்கச் சிறிது நேரமும் நிழலும் தருவதற்குத் தோட்ட முதலாளிகள் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

தொழிலாளர் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குள் நுழைந்ததும் துணியின் விலையைக் கேட்குமுன், சிப்பந்தியின் ஆசனம் எங்கேயென்று கேளுங்கள். ஏட்டிலுள்ள உரிமை, கேட்பவர் இருந்தால்தான் கடைக்குள் வந்து சேரும்.