தானாக ரீஸ்டார்ட் ஆகும் லேப்டாப்

ஓசூர் சிப்காட் பக்கத்து வீடுகளில் பட்டறைத் தூசிக்குப் பஞ்சமில்லை. லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆனால், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் கொஞ்சம் பொறுங்கள். முதலில் பிள்ளையின் ப்ராஜெக்ட்டை பென்டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.

அடிப்பகுதி கொதிக்கிறதா? ஃபேன் துவாரத்தில் தூசி அடைத்திருக்கலாம். சூடு எல்லை மீறினால், சிப்பைக் காக்க மெஷின் தானே நின்றுவிடும். சுத்தம் செய்யுங்கள், மெத்தைமேல் வைக்காதீர்கள்.

சூடு இல்லையா? விண்டோஸின் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுங்கள். அடுத்த முறை பிழைத்திரை நிலைத்து நின்று கோளாறின் பெயரைக் காட்டும். போனில் படம் எடுங்கள். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' ரேமைச் சோதிக்கும்.

பிழைத்திரையே வராமல் பொசுக்கென்று அணைந்தால் சார்ஜர், பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, உடனே மாற்றிவிடுங்கள்.