டெஸ்ட்டில் ஓடிய மாற்றம் லைவில் கவிழ்வது ஏன்? 45 நிமிடத்தில் 46 கோடி டாலர் போன கதை

'பராமரிப்புப் பணி காரணமாக நள்ளிரவு முதல் சேவை இருக்காது' என்று பேங்க் ஆப்பில் மெசேஜ் வருகிறதல்லவா? அந்த நேரத்தில் உள்ளே நடக்கும் வேலைகளில் முக்கியமான ஒன்று, ஒரு சிஸ்டத்தில் செய்து பார்த்த மாற்றங்களை இன்னொரு சிஸ்டத்துக்குக் கொண்டுபோவது. கேட்க காப்பி பேஸ்ட் மாதிரி இருக்கும். ஆனால் நிறுவனங்கள் சறுக்கி விழுவது இங்கதான்.

அப்படி என்ன சிக்கல்?

பெரிய நிறுவனங்கள் ஒரே சாஃப்ட்வேரை பல நகல்களாக வைத்திருக்கும். ஐடிக்காரர்கள் அதை 'இன்ஸ்டன்ஸ்' என்பார்கள். 'டெவ்'வில் மாற்றம் செய்து, 'டெஸ்ட்'டில் சோதித்து, கடைசியில் மக்கள் பயன்படுத்தும் 'புரொடக்‌ஷன்'னில் ஏற்ற வேண்டும்.

உதாரணத்துக்கு, சர்வீஸ்நவ் தளத்தில் மாற்றங்களெல்லாம் 'அப்டேட் செட்' என்ற மூட்டையில் சேரும். ஆனால் எல்லாமே மூட்டைக்குள் வராது. படிவம், விதி போன்ற செட்டிங்ஸ் வரும். ஊழியர்கள், டீம்கள் பட்டியல் 'டேட்டா' கணக்கு என்பதால் சாதாரணமாக வராது. டெவ்வில் புதிதாக ஒரு டீமை உருவாக்கி, 'புகாரை இவர்களுக்கு அனுப்பு' என்று விதி எழுதினால், விதி மட்டும் புரொடக்‌ஷனுக்குப் போய்ச் சேரும். டீம் அங்கே இருக்காது. புகார் கேட்பாரின்றிக் கிடக்கும்.

ஏற்றுவதற்கு முன் 'ப்ரிவியூ' பார்க்கும்போது சிஸ்டமே முரண்பாடுகளைக் காட்டும். அதைப் படிக்காமல் தட்டிவிட்டுப் போனால், சோதனை செய்ததற்கே அர்த்தமில்லை.

ஒரு சர்வர் விட்டுப்போனது

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல், புதிய சாஃப்ட்வேரை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. 7-ல் ஏற்றியாச்சு. எட்டாவது விட்டுப்போச்சு. அதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் யாரும் இல்லை.

அந்த ஒரு சர்வரில், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத பழைய புரோகிராம் ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்டியது. 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

இதில் கொடுமை என்னன்னா, கோளாறைச் சரிசெய்வதாக நினைத்து, சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய சாஃப்ட்வேரை நீக்கினார்கள். நிலைமை இன்னும் மோசமானது. சந்தை திறப்பதற்கு முன்பே சிஸ்டம் 97 எச்சரிக்கை மெயில்களை அனுப்பியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

பிரிட்டன் பேங்க்கில் நடந்தது

2018 ஏப்ரலில் டிஎஸ்பி வங்கி, 52 லட்சம் வாடிக்கையாளர்களை ஒரு வார இறுதியில் புதிய தளத்துக்கு மாற்றியது. டேட்டா ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது, தளம்தான் கவிழ்ந்தது. பலரால் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. சிலருக்கு வேறொருவரின் கணக்கு தெரிந்தது. நிலைமை முழுமையாகச் சீராக டிசம்பர் ஆகிவிட்டது.

இரண்டு டேட்டா சென்டர்களும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டிய அமைப்பு அது. ஆனால் அதிக பயன்பாட்டைத் தாங்குமா என்ற சோதனை ஒன்றில் மட்டும்தான் நடந்தது. 'அங்க ஓடுச்சு, இங்கயும் ஓடும்' என்ற நம்பிக்கை!

2022 டிசம்பரில் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். வாடிக்கையாளர்களுக்கு இழப்பீடாக 3.27 கோடி பவுண்டு போனது.

யார் பொறுப்பு?

இந்த மாதிரி விஷயங்களில் 'டெக்னிக்கல் கோளாறு' என்று ஒற்றை வரியில் அறிக்கை விட்டு முடித்துக்கொள்வதுதான் வழக்கம். பிரிட்டன் அதோடு விடவில்லை. வேலையை எடுத்துச் செய்த நிறுவனம் உண்மையிலேயே தயாரா என்பதை ஒழுங்காக உறுதிசெய்யவில்லை என்று சொல்லி, வங்கியின் முன்னாள் தலைமைத் தகவல் அதிகாரிக்கு 2023 ஏப்ரலில் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் விதித்தது.