முதல் மீன்

சிவராத்திரிக்குக் கண் விழிப்பவர்கள் மறுநாள் இரவு என்ன செய்வார்கள்? "தூங்குவார்கள்" என்றுதான் இதுநாள்வரை நானும் பதில் சொல்லியிருப்பேன். இந்த மாசியில் அந்தப் பதில் பொய்த்துப் போயிற்று. சிவராத்திரியன்று நான்கு காலமும் கோவிலில் உட்கார்ந்து எழுந்தேன். மறுநாள் அமாவாசை. அன்று சாயங்காலம் நான்கு மணிக்குத் தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில், முழங்கால் தண்ணீரில், வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். எதற்காக? மீன் பிடிப்பதற்காக!

நான் பரம்பரையாக மரக்கறி உண்பவன். மீனைத் தட்டில் பார்த்தால்கூட இலையை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்குப் போகும் ஜாதி. ஆனால் தூத்துக்குடியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முப்பது வருஷம் பாங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வு என்று அவர் சொல்வது, பழக்கமான வள்ளத்தில் ஏறி ராத்திரி முழுவதும் தூண்டில் போடுவதைத்தான். "நீர் பிடிக்க வேண்டாம் ஓய்! சும்மா பாரும். சிவராத்திரிக் கதையில் வேடன் வேட்டைக்குப் போய்த்தானே மரத்தில் ஏறிக் கண் விழித்தான்? அவனுக்கே மோட்சம் கிடைக்கவில்லையா?" என்று அவர் டெலிபோனில் கேட்டபோது எனக்குப் பதில் தோன்றவில்லை. என் மனைவிக்குத் தோன்றிற்று. "வேடன் இலை பறித்துப் போட்டான். நீங்கள் எதைப் பறித்துப் போடப் போகிறீர்கள்? அமாவாசையும் அதுவுமாய்!" என்றாள். "பார்க்கத்தான் போகிறேன்" என்று சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

வள்ளம் சுமார் முப்பது அடி நீளம் இருக்கும். அதில் ஒரு பெரியவர், அவருடைய மகன், மருமகன், நாங்கள் இருவர். பெரியவருக்கு அறுபத்தைந்து வயதாவது இருக்கலாம். கரையை விட்டு விலகியதும் பனிமய மாதா கோவில் இருக்கும் திசையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயாவுக்கு வாந்தி வருமோ?" என்று கேட்டார். வராது என்று வீராப்பாகச் சொன்னேன். அரைமணி நேரத்தில் அந்த வீராப்பும் மத்தியானம் சாப்பிட்ட தயிர் சாதமும் ஒன்றாகவே கடலைச் சேர்ந்தன. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சற்றுத் தெளிந்து நிமிர்ந்தபோது துறைமுகம் தெரிந்தது. 2011-ல் அதற்கு வ.உ. சிதம்பரனார் பெயரைச் சூட்டினார்கள். இதே தண்ணீரில்தான் அவர் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, மறு வருஷம் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1908-ல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். 1911-ல் கம்பெனியே கலைந்தது. பெயர் மட்டும் நூறு வருஷம் கழித்துத் துறைமுகத்தில் ஏறியது. நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் தூண்டிலுக்கு இரை வெட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

இரை என்பது கணவாய்த் துண்டு. வலையில்லாமல், ஒற்றைத் தங்கூசி நூலில் ஈயக்குண்டும் முள்ளும் கட்டிக் கையாலேயே பிடிக்கும் தொழில் இது. நாங்கள் தேடிப் போனது செப்பிலி என்னும் மீன். சென்னைக் கடைகளில் சங்கரா என்ற பெயரில் விற்கும் சிவப்பு மீன்களுக்கு உறவு. அந்தக் குலத்திலே ஒன்றுக்கு 1801-ல் வெளிவந்த ஒரு லத்தீன் நூலில் 'மலபாரிகஸ்' என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். நம்மூர்க் கடலைப் பற்றி ஜெர்மானியர் லத்தீனில் எழுதினார்கள். நாம் அதை இன்று படித்துத் தெரிந்துகொள்கிறோம்.

செப்பிலி மணல்வெளியில் கிடைக்காது. கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றைப் 'பார்' என்கிறார்கள். முத்துக் குளிப்பும் இத்தகைய பார்களில்தான் நடந்தது. தூத்துக்குடிக்கு எதிரே 1961-ல் அது கடைசியாக நடந்தது. பார் இருக்கும் இடத்தைக் கடல்மேல் எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரில் மைல்கல் ஏது?

பெரியவர் விளக்கினார். கரை தெரியும் தூரம்வரை, கரையில் இரண்டு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வருவதை ஒரு பக்கம் பார்க்க வேண்டும். அதேபோல் வேறொரு திசையில் இன்னும் இரண்டு பொருள்களை நேராக்க வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார். அவருடைய தகப்பனார் காலத்தில் கோவில் கோபுரமும் பனைமரமும் அடையாளம். இவர் காலத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் கலங்கரை விளக்கமும். பனை வெட்டுப்பட்டால் ஒரு பார் தொலைந்து போகும்! கரை மறைந்த பிறகோ, ஈயக்குண்டைக் கீழே விட்டு ஆழம் பார்ப்பார்கள். அது பாறையில் இடித்தால் நூலின் வழியே விரலுக்கு ஒரு சேதி வரும். சேற்றில் விழுந்தால் வேறு சேதி. இப்போது மகன் கையில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. மகன் கருவியைப் பார்த்து "வந்தாச்சு" என்றான். பெரியவர் நூலை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் விரலால் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் தெக்க போலே" என்றார். தெற்கே போனோம். நங்கூரம் விழுந்தது. ஆழம் முப்பது பாகம், அதாவது ஏறக்குறைய 54 மீட்டர்.

எஞ்சின் நின்றதும் சூழ்ந்த அமைதியை நான் என்றும் மறக்க மாட்டேன். அமாவாசை இருட்டு. கரை விளக்கு ஒன்றுகூட இல்லை. மேற்கே கார்த்திகைக் கூட்டம் சரிந்துகொண்டிருந்தது. கையைத் தண்ணீரில் விட்டால் விரலிடுக்கில் நீலநெருப்பு ஓடிற்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தண்ணீர் கலங்கும்போது வெளியிடும் ஒளி அது. நூல் இறங்குகிற வழியெல்லாம் அந்த நெருப்பு ஒரு கோடாக அடியில் போவது தெரிந்தது.

"இந்த இருட்டில் மீனுக்கு இரை எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். செப்பிலிக்கு ராத்திரிதான் பகல். பகலில் பாறை ஓரத்தில் ஒதுங்கி, இருட்டியதும் வேட்டைக்குக் கிளம்பும். அதன் சிவப்பும் ஒரு தந்திரம்தான். சூரிய ஒளியில் சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடும். பத்துப் பதினைந்து மீட்டர் இறங்குவதற்குள் பெரும்பகுதி போய்விடும். அதற்குக் கீழே இந்தச் செக்கச்செவேல் மீன் மங்கலான கரிய நிழல்தான். நாம் மேலே கொண்டுவந்து விளக்குக் காட்டினால்தான் அது சிவப்பாகிறது.

சுமார் ஒன்பது மணிக்கு நண்பர் வெற்றிலைச் செல்லத்தைத் தேடினார். "இதைக் கொஞ்சம் பிடியும் ஓய், ஒரு நிமிஷம்" என்று நூலை என் கையில் கொடுத்தார். நேயர்கள் ஊகித்துவிட்டிருப்பீர்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் கீழேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு. பிறகு ஒரே இழுப்பு. நூல் விரலை அறுத்துக்கொண்டு ஓடிற்று. "ஐயா, விட்ராதீங்க! இழுத்தா விட்டுக் குடுங்க, நின்னா நீங்க இழுங்க!" என்று பெரியவர் கத்தினார். என் சத்தியமும் சைவமும் எங்கே போயினவோ தெரியாது. முழு மூச்சாக இழுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவ்வளவு சந்தோஷம் எனக்குச் சமீபத்தில் எதிலும் உண்டானதில்லை.

பாதி தூரம் வந்ததும் எதிர்ப்பு ஓய்ந்துவிட்டது. மேலே வந்த மீனை மகன் சிறு வலையால் அள்ளிப் போட்டான். நாலு கிலோ இருக்கும். விளக்கொளியில் குங்குமம் பூசினாற்போல் ஜொலித்தது. கண்கள் வெளியே பிதுங்கியிருந்தன. வாயிலிருந்து சிவந்த பலூன்போல் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. நாக்கு என்று நினைத்தேன். "நாக்கு இல்லய்யா, இரைப்பை" என்றார் பெரியவர்.

சந்தோஷம் வடிந்து போயிற்று. எனக்கு அதிபத்த நாயனார் நினைவு வந்தது. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவராயிருந்தவர். தினந்தோறும் வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விடுவார். பஞ்சம் வந்து நாளுக்கு ஒரே மீன் கிடைத்தபோதும் விட்டார். பொன்மீன் வந்தபோதும் விட்டார். நேற்றுத்தான் சிவராத்திரி, என் கையில் வந்த மீனை நானும் விடாவிட்டால் எப்படி? "பெரியவரே, இதை விட்டுவிடுங்கள். விலையை நான் கொடுத்துவிடுகிறேன்" என்றேன்.

"மேல ஏறின மீன் கீழ போகாது ஐயா."

"பரவாயில்லை, விடுங்கள்."

அவர் ஒன்றும் பேசாமல் முள்ளைக் கழற்றி மீனை மெல்லத் தண்ணீரில் இறக்கினார். அது பக்கவாட்டில் மிதந்தது. வாலை அடித்துத் தலையைக் கீழே குத்தப் பார்த்தது. ஒரு சாண் இறங்கி மறுபடி மேலே வந்து, வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் சுற்றிலும் நீலநெருப்பு எழும்பிற்று. நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். வேறு யாரும் பேசவில்லை. பத்து நிமிஷம் இருக்கும், நெருப்பு அணைந்தது. நீரோட்டம் அதை எட்டத் தள்ளுமுன் பெரியவர் வலையை நீட்டித் திரும்ப அள்ளினார். "குடுத்ததை வீணாக்கக் கூடாதுய்யா. ஏலே, ஐஸைப் போடு" என்றார்.

நடந்தது என்னவென்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மீனின் உடம்பில் காற்றுப் பை ஒன்று உண்டு. முப்பது பாக ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் ஆறு மடங்குக்கும் அதிகம். மீனை மேலே இழுக்க இழுக்க அழுத்தம் குறைந்து, பையிலுள்ள காற்று அத்தனை மடங்கு விரிகிறது. இரைப்பையை வாய்வழியே தள்ளுகிறது. உள்ளே அவ்வளவு காற்றை வைத்துக்கொண்டு அது எப்படி முழுகும்? அமெரிக்காவில் மெக்ஸிகோ வளைகுடாவில் பாறை மீன் பிடிப்பவர்கள் அந்தக் காற்றை வெளியேற்றும் ஊசியையோ, மீனை ஆழத்துக்குத் திரும்ப இறக்கிவிடும் கருவியையோ தயாராக வைத்திருக்க வேண்டுமென்று 2022-ல் ஒரு சட்டமே அமலுக்கு வந்தது. இந்த இன மீன்களின் காதுக்குள் சிறு கல் இருக்கிறது. மரத்தில் வளையம் எண்ணுவதுபோல் அதில் கோடுகளை எண்ணி வயது சொல்கிறார்கள். இருபது வயதைத் தாண்டியவையும் உண்டாம். என் மீனுக்கு எத்தனை வயதோ! அதிபத்தர் விட்ட மீன்கள் வலையில் வந்தவை. எத்தனை பாகத்திலிருந்து என்று புராணம் சொல்லவில்லை.

மீதி இரவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான் நூலைத் தொடவில்லை. அவர்கள் இன்னும் பதினொரு செப்பிலியும், கலவா மூன்றும், பெயர் தெரியாத சில்லறைகளும் பிடித்தார்கள். ஒன்றரை மணிக்குத் தெற்கே தென்சிலுவை நிமிர்ந்து நின்றது. பிளாஸ்க்கில் இருந்த காப்பி அமிர்தமாக இருந்தது. பிறகு வள்ளத்தின் மூலையில் கயிற்றுச் சுருளைத் தலையணையாக்கி, இரண்டு சிவராத்திரித் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினேன்.

கரையில் இறங்கும்போது விடிந்துவிட்டது. ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் எங்கள் பெரியவரின் மீன் ஏலத்துக்குப் போகவில்லை. ஒருவர் நோட்டுப் புஸ்தகத்துடன் வந்து, மீனைப் பார்த்து, "செப்பிலி 380" என்று எழுதிக்கொண்டார். பக்கத்திலிருந்த வேறொரு வியாபாரி, "430-க்கு நான் எடுக்கேன்" என்று என் காதோடு சொன்னார். பெரியவர் கேளாதவர்போல் நின்றார். நண்பர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய்ச் சொன்னார்: வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கியபோது நோட்டுப் புஸ்தகக்காரர் பணம் கொடுத்தாராம். அது தீரும்வரை மீனை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். விலை அவர் சொன்னதுதான். அதிலும் நூற்றுக்கு ஏழு கமிஷன். "எப்போது தீரும்?" என்றேன். பாங்கியில் முப்பது வருஷம் வட்டிக் கணக்குப் போட்டவர், "முதலில் இருந்தது கட்டுமரக் கடனாம் ஓய், பெரியவருடைய அப்பா வாங்கியது. அதன்மேல் வலைக் கடன், அதன்மேல் எஞ்சின் கடன். நானும் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன். புரியவில்லை" என்றார்.

துறைமுகத்தின் பெயர்ப் பலகை நினைவுக்கு வந்தது. ஆனால் இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

பெரியவர் பணத்தை வாங்கி எண்ணினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "முதல் மீன் ஐயா கையில ஏறிச்சு. முதல் மீன் எப்பவும் மாதாவுக்கு. நீங்களே உண்டியல்ல போட்டிருங்க" என்று ஆயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாயை நீட்டினார்.

மகன் குறுக்கிட்டான். "அப்பா, கமிஷன் 106 பிடிச்சிருக்கான். 1,414-தான் நம்ம கைக்கு வந்தது."

பெரியவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, மாதாகிட்டயும் கமிஷன் பிடிக்கவா சொல்லுத?" என்று கேட்டுவிட்டு, ஈரத் தூண்டில் நூலை உதறிச் சுற்றத் தொடங்கினார்.